ஒரு வாய் ஏரி அரிசி

நீ தமிழாம்மா? போன்ல "சரிக்கா, வச்சிடுறேன்"னு சொன்னியே, காதுல விழுந்துச்சு. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருக்கு. இந்த பஸ்ல ஏறினதுலேர்ந்து கண்ணாடி வழியா மரத்தையே பாத்துக்கிட்டு வரேன். மரம், ஏரி, மறுபடி மரம். மனுஷ வாசனையே இல்ல. இந்தப் பைய எடுத்துக் கீழ வச்சிடுறேன், நீ நல்லா ஒக்காரு. எந்த ஊரு? ராசிபுரமா? நான் வைத்தீஸ்வரன்கோயில் பக்கம். பேரு தையல்நாயகி.

படிக்கிறியா? படி, நல்லாப் படி. கல்யாணம் ஆயிடுச்சா? சரி சரி, கேக்கல. என் மகனும் இதைக் கேட்டா இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்குவான்.

வைத்தின்னு கூப்புடுவோம். வைத்திலிங்கம், என் மாமனார் பேரு. இல்லம்மா, இப்ப இல்ல. தை மாசம் போயிட்டான். ரோட்டுல ஐஸ். கண்ணுக்கே தெரியாத ஐஸாம், கண்ணாடி மாதிரி படிஞ்சு கெடக்குமாம். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரையில காரு சறுக்கி மரத்துல மோதிடுச்சு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இதுக்கு என்ன சொல்றதுன்னு யாருக்குமே தெரியல, எனக்கும் தெரியல.

இப்ப எங்கேருந்து வரேன்னு கேளு. மருமக வீட்டுலேர்ந்து வரேன். மூணு வாரம் இருந்தேன். அந்த அநியாயத்த யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும். ஊரே அறுவடை பண்ணுது. வீட்டுக்கு வீடு புது அரிசி வறுக்குற வாசனை. நான் பெத்த புள்ள இருந்த ஊரு. எனக்கு ஒரு வாய் அந்த அரிசி இல்ல. ஒரு வாய்! பந்தியில ஒக்கார வச்சுட்டு எல போடாத கதைதான். நாங்க பரம்பரையா நெல்லு வெளைவிச்சவங்கம்மா. அறுவடைக் காலத்துல வாசல்ல நிக்கிற பிச்சைக்காரனுக்கும் ஒரு படி அளந்து போட்ட வீடு.

மருமக வெள்ளக்காரின்னு நெனைக்காத. வெள்ளக்காரன் வர்றதுக்கு முந்தியிலேர்ந்து அந்த மண்ணுல இருக்கிறவங்க. வெளியில சிப்பேவான்னு சொல்றாங்க, அவங்க தங்கள ஒஜிப்வேன்னு சொல்லிக்கிறாங்க. இவ பேரு டெல்லா. வைத்தி தண்ணி சோதிக்கிற வேலைக்கு வந்தான். ஏரி ஏரியாப் போயி பாட்டில்ல தண்ணி புடிக்கணும், அதான் வேலை. இதுக்கா ஏழு வருஷம் படிச்சேன்னு கேப்பேன். அப்படிப் புடிக்கப் போன எடத்துலதான் அவளையும் புடிச்சிருக்கான்.

"அம்மா, ஒரு பொண்ணு"ன்னு போன்ல சொன்னான். என்ன ஆளுங்கடான்னு கேட்டேன். நாம கேக்காம இருப்பமா? "கொக்கு"ன்னான். கொக்கான்னேன். ஆமாம்மா, இவங்கள்ல கொக்கு, கரடி, மீன்னு குலம் குலமா இருக்கு, ஒரே குலத்துக்குள்ள கட்டிக்க மாட்டாங்கன்னான். பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்ல, அது மாதிரி. சரி, நாம என்ன குலம்னு அவங்க கேட்டா என்னடா சொல்லுவேன்னேன். "நெல்லுக் குலம்னு சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க"ன்னான். அப்படி ஒரு வாய் அவனுக்கு. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான்.

கோவம் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா அந்தப் பொண்ணு போன்ல மொகத்தைக் காட்டி "அத்தை"ன்னு ஒரு தடவ கூப்புட்டா. அதோட சரி, என் கோவம் போன எடம் தெரியல.

அவங்க நெல்லு நம்ம நெல்லு இல்ல. யாரும் நட மாட்டாங்க, களை எடுக்க மாட்டாங்க. ஏரியில தானா வெளையுது. ஆள் ஒசரத்துக்குத் தண்ணிக்கு மேல நிக்கும். அவங்க பாஷையில அதுக்குப் பேரு மனோமின். ஆவணி கடைசியில முத்தும். படகுல ரெண்டு பேரு போவாங்க. ஒருத்தர் நின்னுக்கிட்டு நீளக் கழியால தள்ளணும். இன்னொருத்தர் ஒக்காந்து ரெண்டு குச்சி வச்சிருப்பாங்க. ஒரு குச்சியால தாளை அப்படியே படகுக்குள்ள சாய்க்கணும், இன்னொரு குச்சியால தட்டணும். ஓங்கி அடிக்கக் கூடாது, தட்டணும். முத்தினது விழும், முத்தாதது தாள்லயே நிக்கும். வைத்தி தள்ளுவான், டெல்லா தட்டுவா. மூணு வருஷமா ரெண்டு பேரும் ஒரே படகு.

அதை அவன் போன்ல காட்டினான். பாத்துட்டுத் திட்டினேன். "ஏன்டா, பாதி நெல்லு தண்ணியில விழுதே, அடியில ஒரு தார்ப்பாயக் கட்டினா என்ன? எங்கப்பா பாத்திருந்தா ரத்தக் கண்ணீர் வடிப்பாரு"ன்னேன். "அது ஏரியோட பங்கும்மா, அதுலேர்ந்துதான் அடுத்த வருஷம் வெளையும்"னான். அது போவ, படகு ஏறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகைப் பொகையிலைய எடுத்துத் தண்ணியில போடுவாங்க. கும்புடுற மாதிரி. நல்ல பொகையிலை. எங்க மாமியா உயிரோட இருந்தா அதுக்கே ஒரு சண்டை வலிச்சிருப்பா.

"அடுத்த அறுப்புக்கு நீ வா. உன்னைப் படகுல ஒக்கார வச்சு நான் தள்ளுறேன். நீ தட்டு. புது அரிசி பொங்கி சாப்புட்டுப் பாரு, அப்பறம் உன் பொன்னியைத் தொட மாட்டே"ன்னான். போடா, ஏரியில மொளைச்ச புல்லையும் என் பொன்னியையும் ஒண்ணாப் பேசாதேன்னேன். வரேன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம்.

தை மாசம் வந்தேன், அவனைப் பாக்க. பாத்தேன். அதுல அவங்கள நான் கொற சொல்ல மாட்டேன், சத்தியமா. நாலு நாளு வாசல்ல நெருப்பு அணைய விடல. பல்லு கிட்டிக்கிற குளிரு. மாத்தி மாத்தி ஆளு நின்னு கட்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க. உசுரு போற வழியில வெளிச்சம் வேணுமாம். அவங்க ஆளு இல்லையே, எங்கேருந்தோ வந்த பையன்தானேன்னு யாரும் நெனைக்கல. அப்பறம் தகனம் பண்ணி சாம்பலை ஏங்கிட்டக் குடுத்தாங்க. பூம்புகார்ல கொண்டு போயிக் கரைச்சேன். காவேரி சமுத்திரத்துல கலக்குற எடத்துல. அலை பாதியைத் திருப்பிக் கொண்டாந்து என் கால்லயே போட்டுச்சு. சரி விடு.

ஆடி கடைசியில டெல்லா போன் பண்ணினா. அரைகுறைத் தமிழ்ல, வா அத்தை, நெல்லுக்கு வான்னா. டிக்கெட்டும் அவளே போட்டா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வைத்தி கூப்புட்டான்ல, அதுக்குப் பதிலா இவ கூப்புடுறா, போயி அந்தப் படகுல ஒக்காந்துட்டு, அவன் சொன்ன அரிசியை ஒரு வாய் தின்னுட்டு வந்துடுவோம்னு. அது ஒண்ணுதான் அவன் ஏங்கிட்டக் கேட்டு நான் செய்யாம இருந்தது.

வந்தனா? கரையில ரெண்டு நாற்காலி. மடக்கு நாற்காலி. ஒண்ணுல நானு, ஒண்ணுல டெல்லா. ஊருல உள்ள பெரியவங்க ஏரியப் பாத்து, இன்னிக்குத் தொறக்கலாம்னு சொன்னாத்தான் படகு எறங்கும். தொறந்தாங்க. அத்தனை படகும் எறங்குது. சிரிப்பும் கூச்சலுமா. டெல்லாவோட தம்பி போறான், ஊர்க்காரங்க போறாங்க, காலு சரியில்லாத ஒருத்தர் கூடப் போறாரு. இவ ஒக்காந்திருக்கா. நீ போவலியான்னேன். கூடாதுன்னு தலைய ஆட்டினா. நானாவது போறேனேன்னேன். நீங்களும் கூடாதுன்னா.

எனக்கு சுருக்குன்னுச்சு. அப்பவும் பொறுத்துக்கிட்டேன்.

அப்பறம் கரையில வேலை நடக்குது. இரும்புக் கொப்பரையில போட்டு வறுக்குறாங்க. துடுப்பு மாதிரி ஒண்ண வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா கருகிடும். வறுத்ததைக் குழியில கொட்டி, மெத்துன்னு தோல் செருப்பு போட்டுக்கிட்டு மேல நின்னு மிதிக்கிறாங்க, ஆடுற மாதிரி. உமி கழண்டுக்கும். அப்பறம் மரப்பட்டையில தச்ச மொறத்துல போட்டுப் பொடைக்கிறாங்க. ஒரு சின்னப் பொண்ணு பொடைக்கிறா, அரிசி பாதி கீழ கொட்டுது. என் கை சும்மா இருக்குமா? பொறந்ததுலேர்ந்து மொறம் புடிச்ச கை. போயி வாங்கினேன். ரெண்டு பொடை பொடைச்சேன். உமி அந்தால பறக்குது. ஆர்டிஸ் வந்தா.

ஆர்டிஸ்னா டெல்லாவோட அத்தை, அவ அப்பாவோட அக்கா. ஏழு அடி இருப்பான்னு தோணும், அவ்வளவு பெரிய ஒடம்பு. ஏரியை எப்பத் தொறக்கணும்னு சொல்ற கூட்டத்துல அவளும் ஒருத்தி. வந்து என் கையிலேர்ந்து மொறத்தை மெதுவா வாங்கிக்கிட்டா. என் தோளைப் புடிச்சுக் கொண்டாந்து அந்த நாற்காலியிலயே ஒக்கார வச்சுட்டுப் போயிட்டா.

இது எனக்குப் புதுசாம்மா? என் வீட்டுக்காரரு போகையில எனக்கு முப்பது கூட முடியல. அண்ணன் மக கல்யாணத்துல ஆரத்தித் தட்டை எடுக்கப் போனேன், ஏதோ நெனப்புல. எங்க அண்ணி வந்து இதே மாதிரிதான் வாங்கினா. தோளைத் தொட்டு, "நீ உள்ள இருந்து பாத்துக்க தையலு"ன்னா. உள்ளேருந்துதான் பாத்தேன். அன்னிக்குப் போயி உள்ள ஒக்காந்தவதான். அப்பறம் எத்தனை கல்யாணம், எத்தனை வளைகாப்பு. யாரும் வந்து வெளிய வான்னு சொன்னதில்ல. ஏன், எங்க அண்ணி கெட்டவ இல்ல. என்னை வெளிய கூப்புடணும்னு அவளுக்குத் தோணல, அவ்வளவுதான்.

அதனாலதான் அடிவயிறு எரிஞ்சுச்சு. அடப்பாவிங்களா, கடல் தாண்டி வந்தாலும் தாலி அறுத்தவளுக்கு இதே நாற்காலிதானா? என்னை விடு, நான் பழகினவ. இந்தப் பொண்ணுக்கு முப்பத்திரண்டு வயசு. ரெண்டு தெம்பான கை இருக்கு. அதையும் கொண்டாந்து என் பக்கத்துல ஒக்கார வச்சிருக்காங்களேன்னு கத்தினேன். தமிழ்லதான். ஊரே திரும்பிப் பாத்துச்சு.

டெல்லா அன்னிக்கு சாயங்காலம் என்னைக் கரையோரமா கூட்டிக்கிட்டுப் போனா. போன்ல அவ இங்கிலீஷ்ல பேசினா அது தமிழ்ல மாத்திச் சொல்லும், ஏதோ ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி. அவ சொன்னது இதுதான். தாலி, விதவை, அதெல்லாம் இல்ல. ஆம்பளையா இருந்தாலும் இதேதான். வீட்டுல சாவு விழுந்தா, அந்த வருஷம் முதமுதல்ல வர்ற எதையும் அந்த வீட்டு ஆளு தொடக் கூடாது. மரத்துலேர்ந்து எடுக்குற சக்கரைப் பாகு, பழம், மீனு, நெல்லு, எதையும். துக்கம் அவ்வளவு கனமாம். அதோட போயித் தொட்டா நெல்லுக்குத் தாங்காதாம். ஏரி சுருங்கிடுமாம். நெல்லுக்குக் காது இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னா. சிரிக்கல.

அப்ப எப்பத்தான் தொடுறதுன்னேன். மத்தவங்க வந்து நமக்கு ஊட்டணும், அத்தைன்னா. நம்ம கையால எடுத்துக்கக் கூடாது. அவங்களா ஒரு நாள் வச்சு, அத்தனை பேரு முன்னாடி, கொழந்தைக்கு ஊட்டுற மாதிரி நாலு வாய் ஊட்டுவாங்க. அப்பறம் நாம திரும்பி வந்துட்டோம்னு அர்த்தம். ஏரிக்குப் போகலாம், தட்டலாம், சிரிக்கலாம்னா. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன், என்னை மட்டும் எப்படி ஊட்டச் சொல்லுவேன், அவன் உங்களுக்கும் போயிட்டான்லன்னா.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் ஒரு முறையாம்மா? கண்ணெதிர அரிசிய வச்சுக்கிட்டுத் திங்காதேன்னா? எங்க ஊருலயும் முறை இருக்கு. வர்ற தைக்கு எங்க வீட்டுல பொங்கல் கெடையாது. எப்படி வைக்கிறது, கேதம் விழுந்த வீட்டுல பான ஏத்தலாமா? தீபாவளிக்கும் பலகாரம் சுடக் கூடாது. அக்கம் பக்கத்துலதான் கொண்டாந்து குடுக்கணும். அது முறை. பெரியவங்க வச்சது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

என்ன பாக்குற? சொல்லு. மீதியையும் கேக்கணுமா? சரி.

ஞாயித்துக்கெழமை விருந்து. பெரிய கொட்டகை, நீள நீளமா மேசை. மான் கறி, மீனு, பூசணி, பழம் போட்ட ரொட்டி. நடுவுல புது அரிசி. நம்ம அரிசி மாதிரி வெள்ளையா இருக்காது, கறுப்புல ஒரு பச்சை. ஒவ்வொண்ணும் வாயைத் தொறந்துக்கிட்டு வெந்திருக்கும். வாசனை வயித்தைக் கிள்ளுது, அவ்வளவு பசி. மொதல்ல ஒரு தட்டுல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வச்சு வெளியில கொண்டு போனாங்க. செத்தவங்களுக்கு. நம்ம படையல்தான். அந்தத் தட்டுல டெல்லா ஒரு ஸ்பூன் எலுமிச்சங்கா ஊறுகாய் வச்சா. நான் தை மாசம் கொண்டு வந்து குடுத்தது. அவனுக்குன்னு எடுத்து வச்சிருக்கா.

அதுக்கப்பறமும் ஒருத்தரும் சாப்புடல. அத்தனை பேரும் ஒக்காந்து எங்க ரெண்டு பேரையும் பாக்குறாங்க. கொழந்தைங்க கூட. ஆர்டிஸ் எந்திரிச்சா. கையில ஒரு கிண்ணம், ஒரு மரக் கரண்டி. மொதல்ல டெல்லாகிட்ட வந்தா. அவங்க பாஷையில என்னமோ சொன்னா. ஒரு வாய் குடுத்தா. டெல்லா வாங்கினா. அப்பறம் இன்னொரு வாய். நாலாவது வாய் முழுங்கையில அந்தப் பொண்ணு ஓன்னு அழுதா பாரு, தை மாசத்துல கூட அப்படி அழல. ஆர்டிஸ் அவ தலையைத் தன் வயித்துல சாச்சுக்கிட்டு நின்னா. அழுது முடிச்சு நிமிந்தா. மூக்கைத் தொடைச்சுக்கிட்டு அவ தம்பியைப் பாத்து என்னமோ சொல்லி சிரிச்சா. சிரிச்சாம்மா. எட்டு மாசம் கழிச்சு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, நாலு வாய்ச் சோத்துல எம்புள்ளைய மறந்துட்டாளேன்னு இருந்துச்சு. மகராசி நல்லாருக்கட்டும், நான் வேணாங்கல. சின்ன வயசு. இன்னிக்குக் காலையில எழுந்திரிச்சுப் பாக்கிறேன், ஏரிக்குப் போயிட்டா. தம்பி தள்ளுறான், இவ தட்டுறா. கரையிலேர்ந்து பாத்தேன். அந்தப் படகு வைத்தி தள்ளின படகு. நான் பையைக் கட்டிட்டேன். மினியாபொலிஸ்ல எங்க சித்தப்பா பேரன் இருக்கான், அங்க போயி ரெண்டு நாள் இருந்துட்டு ஊருக்கு ஏறிடுவேன். ஆர்டிஸ்தான் வண்டியில கொண்டாந்து பஸ் ஏத்தி விட்டா. ஏறையில, அடுத்த வருஷமும் கரண்டி எடுத்துக்கிட்டு வருவேன், அதுக்கு அடுத்த வருஷமும் வருவேன்னா. அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

என்னது? எனக்கு ஊட்டலையான்னா?

ஊட்ட வந்தாங்க. யாரு இல்லன்னா? ஒரு வாய் குடுக்கலன்னா சொன்னேன்? ஆமா, சொன்னேன். குடுக்கத்தான் வந்தாங்க. நாந்தான் வாயைத் தொறக்கல.

அப்படிப் பாக்காதம்மா. வீம்புன்னு நெனைக்கிறியா? வீம்பும் உண்டு, எனக்கு மூக்குக்கு மேல கோவம்னு ஊரே சொல்லும். ஆனா இது வீம்பு இல்ல. டெல்லாவுக்கு முடிச்சுட்டு ஆர்டிஸ் ஏங்கிட்ட வந்தா. சரி, வாங்கிக்கிட்டுத்தான் போவோமேன்னு இருந்தேன். நெசமாத்தான். அவ்வளவு பெரிய பொம்பளை என் முன்னால முட்டி போட்டு ஒக்காந்தா. கரண்டியைத் தூக்கினா. டெல்லாகிட்ட அவங்க பாஷையில பேசினாளே, ஏங்கிட்ட அப்படிப் பேசல. என் மொகத்தைப் பாத்து, நாக்கு பொரளாம, "ஆ காட்டு"ன்னா.

தமிழ்ல. ஆ காட்டு.

அதை யாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பா? டெல்லாதான். டெல்லாவுக்கு யாரு சொன்னா? அந்த வார்த்தையோட கதை எனக்கும் வைத்திக்கும் மட்டும் தெரிஞ்சதும்மா. அவன் அப்பா போன மூணாம் நாளு. வீடு நெறைய ஆளு. அழுவுறதுக்கு ஆளு இருக்கு, காரியம் பாக்க ஆளு இருக்கு. நான் மூலையில கெடக்குறேன். பச்சத்தண்ணி எறங்கல. சாப்புடுன்னு வாயால எல்லாரும் சொன்னாங்க, கையால யாரும் தொடல. தீட்டோ, பயமோ, என்னமோ. வைத்திக்கு ஆறு வயசு. எங்கேயோ போயி ஒரு கிண்ணத்துல தயிர்சோறு வாங்கிக்கிட்டு வந்தான். கையெல்லாம் தயிரு. என் மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு, நான் அவனுக்குச் சொல்லுவேன்ல, அதே மாதிரி, "ஆ காட்டும்மா, ஆ காட்டு"ன்னான். காட்டினேன். பாதி என் மூக்குல அப்பினான். அதுதான், நான் உசுரோட இருக்கணும்னு எனக்குத் தோணின மொத வாய்.

தாயும் புள்ளையும் ஒண்ணுன்னாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. சும்மா சொல்றது. எங்களுக்கு ஒரு வாயிதான்.

அவன் எனக்கு ஊட்டி எழுப்பி விட்டான். அவன் போனதுக்கு இன்னொருத்தர் கையால வாங்கித் தின்னுட்டு எப்படி எழுந்திருப்பேன், சொல்லு. அந்த வாயை வாங்கிட்டா அவன் போயிட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவ மறுபடியும் சொன்னா. மறுபடியும். கரண்டியிலேர்ந்து அரிசி என் மடியில விழுது, அவ எடுக்கல, அப்படியே காத்துக்கிட்டு இருக்கா. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். எனக்காக அந்தக் கூட்டமே சாப்புடாம ஒக்காந்திருந்துச்சு, ரொம்ப நேரம். கொழந்தைங்க வேற. அப்பறம்தான் சாப்புட்டாங்க போலருக்கு.

இனிமே ஊருக்குப் போயிடுவேன். வீட்டைத் தொறப்பேன், வெளக்கு ஏத்துவேன். அங்க எல்லாரும் நல்லவங்கதான். சாப்புட்டியா தையலுன்னு வாசல்லேருந்து கேப்பாங்க. ஆச்சுன்னு சொல்லுவேன். போயிடுவாங்க.

இரும்மா, போன் அடிக்குது. பாரு, டெல்லாதான். இந்நேரம் ஏரியிலதானே இருக்கணும், ஏன் கரையேறிட்டா? இப்படித்தான், பஸ் ஏறினதுலேர்ந்து மூணாவது தடவ. நான் எடுக்கல. எடுத்தா என்ன கேப்பான்னு தெரியும். முழுசாத் தெரிஞ்ச தமிழ் அவளுக்கு அது ஒண்ணுதான். சாப்ட்டீங்களா அத்தைன்னு கேப்பா. வாசல்ல நின்னு கேக்குற கேள்வி இல்ல அது, பதில் சொல்ற வரைக்கும் வைக்க மாட்டா.

நீ எடு. ஏங்கிட்டக் குடுக்காத. நீயே பேசு, உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. அத்தை பக்கத்துல இருக்காங்கன்னு சொல்லு. அழுவுறாங்கன்னு சொல்ல வேணாம். இந்த வண்டி அடுத்தாப்புல எங்க நிக்கும்னு பாத்து அதைச் சொல்லு. ஆர்டிஸ் இன்னும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டா, வழியிலதான் இருப்பா, வண்டியைத் திருப்பலாம்.

அவ கேப்பா, சாப்ட்டாங்களான்னு. இல்லன்னு சொல்லு. பசிக்குதுன்னு சொல்லும்மா.